திராவிடர் அணி: தகடூரிலிருந்து ஒரு மறுப்பு

திராவிடர் என்பது ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2’ என்னும் கணினி விளையாட்டில் தென்னிந்தியாவைக் குறிக்கும் அணி. 2022 ஏப்ரல் 28 அன்று ‘டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா’ என்ற விரிவாக்கத் தொகுப்புடன் வெளிவந்தது. காலாட்படையும் கப்பற்படையும் இதன் வலிமை. கனத்த குதிரை வீரர்கள் இதற்குக் கிடையாது. சுருள்வாள் வீரர், திரிசடை என்னும் போர்க்கப்பல், எதிரியின் கவசத்தைப் பொருட்படுத்தாமல் வெட்டும் உருக்கு ஆகியவை இதற்கு மட்டுமே உரிய சிறப்புகள். வீரர்கள் தமிழில் பதில் சொல்கிறார்கள். அணிக்கென அமைந்த கதைத்தொடரின் நாயகன் ராஜேந்திர சோழன். பேச்சும் தமிழ், நாயகனும் தமிழன், ஆனால் பெயர் மட்டும் நான்கு மொழிகளையும் பல அரச மரபுகளையும் ஒரே குடைக்கீழ் இழுக்கும் பெயர். இந்த முரணிலிருந்துதான் ரசிகர்களின் வாதம் பிறந்தது. அணி வெளிவந்து ஆண்டுகள் ஆகியும் அது ஓயவில்லை.

இதன் முன்கதை நீளமானது. 1999-இல் 13 அணிகளோடு விளையாட்டு முதலில் வந்தபோது இந்தியாவுக்கு இடமே இல்லை. 2013-இல் ‘தி ஃபர்காட்டன்’ தொகுப்பு ‘இந்தியர்’ என்ற ஒற்றை அணியைச் சேர்த்தது. ஒட்டகப்படையை நம்பிய அந்த அணியில் காவிரிக்கரைக்காரனுக்கு அடையாளம் காண ஒன்றும் இல்லை. 2022-இல் அதை உடைத்து இந்துஸ்தானியர் என்று பெயர் மாற்றி, கூர்ஜரர், வங்காளர், திராவிடர் என மூன்று புதிய அணிகளைச் சேர்த்தார்கள். முன்னேற்றம்தான், சந்தேகமில்லை. ஆனால் உடைத்தவர்கள் விந்தியத்துக்குத் தெற்கே வந்ததும் கையை நிறுத்திக்கொண்டார்கள். ரசிகர்களில் ஒரு சாரார் தமிழர், கன்னடர், தெலுங்கர் என்று பிரிக்கக் கேட்டார்கள்; இன்னொரு சாரார் மொழிக்குடும்பத்தின் பெயரைப் படைக்குச் சூட்டுவதே பிழை என்றார்கள்; விளையாட்டு விளையாட்டாகவே இருக்கட்டும் என்றவர்களும் குறைவில்லை.

அறிவியல் புனைவு விளையாட்டுகளின் ரசிகர்களும் இப்படித்தான் வேற்றுக்கிரக இனங்களின் வம்சாவளிக்காக மல்லுக்கு நிற்கிறார்கள். ‘ஹேலோ’ தொடரில் ஃபோர்ரன்னர் என்னும் மறைந்துபோன பேரினம் யார் என்ற கேள்வி அதற்குப் பேர்போன எடுத்துக்காட்டு. 2001-இல் வந்த முதல் விளையாட்டில் தொடங்கிய குறிப்புகளும், 2007-இல் வந்த மூன்றாம் பாகத்தில் ஓர் இயந்திரக் காவலன் கதாநாயகனிடம் சொல்லும் வாக்கியமும், மனிதர்களே அந்த இனம் என்று பலரை நம்பவைத்தன. 2011-இல் கிரெக் பேர் எழுதத் தொடங்கிய நாவல்கள் இரண்டும் வேறு வேறு இனங்கள் என்று நிறுவிவிட்டன. பழைய குறிப்புகளைத் திரட்டி வாதாடியவர்களுக்குத் தோல்வி அவர்களுடைய தர்க்கப் பிழையால் வரவில்லை. உரிமையாளர் கதையை மாற்றியதால் வந்தது. கற்பனை இனத்தின் வரலாற்றில் இறுதித் தீர்ப்பு படைப்பவன் கையில் இருக்கிறது. திராவிடர் அணியின் நிலை அப்படியல்ல. அதன் எல்லைகளை வரைந்தது ஒரு நிறுவனம் என்றாலும், அந்த எல்லைகள் பொருந்துகின்றனவா என்று சோதிக்க நிறுவனத்தின் கைக்கு எட்டாத கல்வெட்டுகள் இருக்கின்றன. தருமபுரி மாவட்டத்து அதியமான்கோட்டை அந்தச் சோதனைக்கு நல்ல களம்.

தருமபுரிக்குத் தெற்கே சேலம் சாலையில் உள்ள இந்த ஊரை இன்று பலர் அறிவது காலபைரவர் கோயிலாலும், சென்னராயப் பெருமாள் கோயில் ஓவியங்களாலும். பெயரோ தகடூரை, அதாவது இன்றைய தருமபுரியை, ஆண்ட அதியமான்களுடையது. அசோகரின் இரண்டாம் பாறைக் கட்டளை அவருடைய எல்லைக்கு அப்பால் இருந்த தென்னகத்தாரைச் சோழர், பாண்டியர், சதியபுத்திரர், கேரளபுத்திரர் என்று அடுக்குகிறது. மூவேந்தர் தெரியும், நடுவில் நிற்கும் நான்காமவர் யார்? சத்தியமங்கலத்தார், காஞ்சியார், துளு நாட்டார், மராட்டியப் பகுதியினர் என்றெல்லாம் அறிஞர்கள் நெடுங்காலம் ஊகித்தார்கள். அதியமான் மரபே என்று சொன்னவர்களும் அவர்களுள் இருந்தார்கள், கையில் உறுதியான சான்று இல்லாமல். 1981-இல் திருக்கோவிலூர் அருகே ஜம்பையில் கிடைத்த தமிழ் பிராமிக் கல்வெட்டு, பாளி எனப்படும் குகை உறைவிடம் ஒன்றைக் கொடையாகத் தந்த அதியன் நெடுமான் அஞ்சியைச் சதியபுதோ என்ற பட்டத்தோடு குறிக்கிறது. ஐராவதம் மகாதேவன் அதைக் கி.பி. முதல் நூற்றாண்டையொட்டி வைக்கிறார். ஆக, வெளியிலிருந்து பார்த்த மௌரியப் பேரரசனுக்கே தென்னகம் ஒற்றை அணியாகத் தெரியவில்லை. நான்காகத் தெரிந்தது, அந்த நான்கில் ஒன்று தகடூர்.

இங்கே முதல் மறுப்பு வரும்: விளையாட்டு இடைக்காலத்தைப் பற்றியது, சங்ககாலச் சான்றை இதற்குள் கொண்டுவருவது முறையா? முறையான கேள்வி. ஆனால் அதியமான்கள் சங்ககாலத்தோடு முடிந்துவிடவில்லை. ஏறத்தாழ 1116-இல் போசள விஷ்ணுவர்த்தனனின் தளபதி கங்கராஜன் தலைக்காட்டைத் தாக்கியபோது, சோழர் சார்பில் எதிர்த்து நின்றவன் அதியமான் மரபினன் ஒருவன். கன்னடக் கல்வெட்டுகள் அவனை அதியமா என்கின்றன. தலைக்காடு விழுந்தது, விஷ்ணுவர்த்தனன் ‘தலைக்காடுகொண்ட’ என்ற விருதைச் சூடினான். இந்தப் போரை விளையாட்டில் அமைக்க முயன்றால் என்ன ஆகும்? தாக்குபவர் திராவிடர், தடுப்பவர் திராவிடர், கோட்டைக்குள் இருப்பவரும் திராவிடர். 949-இல் சோழ இளவரசன் ராஜாதித்தன் மாண்ட தக்கோலமும், 1054-இல் ராஜாதிராஜன் யானை மேலேயே உயிர்விட்ட கொப்பமும் இதே கதிதான். தென்னிந்தியாவின் போக்கைத் திருப்பிய போர்கள் பெரும்பாலும் இந்த அணிக்குள்ளேயே நடந்தவை. அந்தப் போர்களை வெளியே காட்ட முடியாத அணி, போர் விளையாட்டில் என்ன வேலை செய்கிறது?

அப்படியானால் தமிழர் என்று தனி அணி கேட்பதே தீர்வு என்று தோன்றலாம். மொழிப்பற்றுள்ள ரசிகர்கள் அதைத்தான் கேட்கிறார்கள். தகடூரின் சான்று அவர்களுக்கும் சாதகமாக இல்லை. அதியமானின் தலைநகரை அழித்தவன் வேற்றுமொழிக்காரன் அல்லன்; பெருஞ்சேரல் இரும்பொறை. ‘தகடூர் எறிந்த’ என்ற அடைமொழியையே அவன் பெயரோடு சேர்த்துக்கொண்டான். அந்தப் போரைப் பாடிய ‘தகடூர் யாத்திரை’ முழுமையாகக் கிடைக்கவில்லை, சில பாடல்களே எஞ்சின. தமிழர் அணி என்று ஒன்று வந்தால் தகடூர்ப் போர் மறுபடியும் ஓர் அணி தன்னோடு தானே மோதும் கூத்தாகிவிடும். மறுபக்கம், 9-ஆம் நூற்றாண்டில் இதே தகடூர்ப் பகுதி கன்னடத்தில் கல்வெட்டு வெட்டிய நுளம்பர் கையில் இருந்தது. அவர்கள் பாணித் தூண்களைத் தருமபுரிக் கோட்டைக் கோயிலில் இன்றும் காணலாம். மொழியை வைத்துக் கோடு போட்டால் இந்த ஊர் எந்தப் பக்கம் விழும்?

வம்சக் கதையைத் திருத்தி எழுதும் வழக்கம் நாவலாசிரியர்கள் கண்டுபிடித்ததும் அன்று. போளூர் அருகே திருமலையில், ஏறத்தாழ 1200-ஐ ஒட்டி வாழ்ந்த விடுகாதழகிய பெருமாள் என்னும் அதியமான், முன்னோன் எழினி நிறுவிய இயக்கன், இயக்கி உருவங்களைப் புதுப்பித்ததாகக் கல்வெட்டு வைத்தான். அதில் எழினியைச் சேர மரபினனாகச் சொல்கிறான். சேரன் அழித்த ஊரின் தலைவர்கள் சேரர் வழியில் வந்தவர்கள் என்று உரிமை கொண்டாடுகிறார்கள்! வெறும் பெருமைப் பேச்சு என்று தள்ளிவிடவும் முடியாது. சேரரின் அடையாளமான பனம்பூவை அதியமான் சூடியதாகச் சங்கப் பாட்டும் சொல்கிறது. உறவு உண்மையாகவே இருக்கலாம். அப்படியே இருந்தாலும் அது போரைத் தடுக்கவில்லை என்பதுதான் நமக்கு வேண்டிய செய்தி. மொழி ஒன்று, பூ ஒன்று, இரத்தமும் ஒன்றாக இருக்கலாம். அணி மட்டும் இரண்டு.

அடுத்த மறுப்பு வடிவமைப்பாளர் தரப்பிலிருந்து வருவது: இந்த விளையாட்டு மக்களினங்களின் பெயரைத்தான் அணிகளுக்கு வைக்கிறது, அரச மரபின் பெயரை அல்ல. ஒருகாலத்தில் இது ஏறக்குறைய உண்மை. 2021-இல் பர்கண்டியர் என ஒரு பிரெஞ்சுக் கோமகப் பகுதி தனி அணியானபோதே அந்த விதி தளர்ந்தது. 2025 மே மாதம் ‘தி த்ரீ கிங்டம்ஸ்’ தொகுப்பில் வெய், ஷு, வூ என்னும் மூன்று சீன அரசுகளைத் தனித்தனி அணிகளாகக் கொடுத்தபின் விதி என்ற ஒன்றே இல்லை. அதற்காகவும் ரசிகர்கள் சண்டையிட்டார்கள் என்பது வேறு கதை. ஒரு நூற்றாண்டுகூட நீடிக்காத மூன்று அரசுகளுக்கு இடம் உண்டு, நானூறு ஆண்டுகளுக்கு மேல் ஆண்ட சோழருக்குச் சொந்தப் பெயரில் இடமில்லை என்றால், அதை விதி என்று சொல்லித் தப்ப முடியாது. அணிகள் பெருகினால் சமநிலை குலையும், செலவாகும் என்ற மறுப்புக்கும் இதே பதில்தான்: ஐரோப்பாவுக்குக் குலையாத சமநிலையா தெற்கே வந்ததும் குலைகிறது?

நியாயமாகச் சொன்னால், திராவிடர் என்ற பெரிய குடை சில இடங்களில் பொருந்தவும் செய்கிறது. உருக்கு அவற்றுள் சிறந்தது. மூசையில் உருக்கு காய்ச்சிய தடயங்கள் கொங்குநாட்டுக் கொடுமணலில் கிடைத்திருக்கின்றன. தெலங்கானாவின் கோனசமுத்திரத்து உருக்கு பாரசீகம் வரை போனது. அந்தத் தொழிலை ஒரு மொழியாருக்கோ ஒரு மரபுக்கோ எழுதிக்கொடுத்திருந்தால்தான் பிழை. குதிரைப்படை விஷயத்தில் குடை கிழிகிறது. 13-ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் ஆண்டுதோறும் பெருந்தொகை கொடுத்துக் கடல்வழியே குதிரைகளை இறக்கியதை மார்க்கோ போலோ வியப்போடும் கொஞ்சம் ஏளனத்தோடும் எழுதியிருக்கிறார். தென்னாட்டார் குதிரை வளர்ப்பில் கெட்டிக்காரர்கள் அல்லர் என்பது அவர் கட்சி. குதிரை இல்லை என்பது அவர் சொன்னதன்று. சோழரின் கடற்படையை நினைத்து வடித்த அணியைப் பாண்டியருக்கும் போசளருக்கும் போர்த்தியதால் வந்த வினை இது.

கனமான மறுப்பு ஒன்று மிச்சமிருக்கிறது. அரச மரபின் பெயரை வைத்தால் மக்கள் மறைந்துபோவார்களே, படையில் செத்தவர்கள் எல்லோரும் சோழரா போசளரா என்று கேட்கலாம். தருமபுரி வட்டாரத்து நடுகற்கள் இதற்கு ஓரளவு விடை தருகின்றன. அவற்றில் கணிசமானவை தொறுப்பூசலில், அதாவது மாடு கவரும் சண்டையில், மடிந்தவர்களுக்கு எடுத்தவை. இறந்தவன் யாருடைய சேவகன், எந்த ஊரின் நிரையை மீட்கப்போனான் என்பதை அவை பல்லவனின், கங்கனின், நுளம்பனின் ஆட்சியாண்டோடு சேர்த்துச் சொல்கின்றன. மொழி அந்தக் கணக்கில் இல்லை. சாமானியனின் கட்சி அவனுடைய ஊரும் அவன் தலைவனும்தான். எனவே மரபின் பெயர் முழு உண்மை ஆகாவிட்டாலும், அந்த மனிதன் எந்தப் பக்கம் நின்றான் என்பதையாவது சொல்கிறது. மொழிக்குடும்பப் பெயர் அதைக்கூடச் சொல்வதில்லை.

போட்டி விளையாட்டான ‘சிவிலைசேஷன் 7’ 2025 பிப்ரவரியில் வெளிவந்தபோது, ஆய்வுப்பயணக் காலத்து அணிகளில் ஒன்றுக்குச் சோழர் என்றே பெயரிட்டது. ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2’ செய்ய வேண்டியதும் அதுவே: இப்போதுள்ள அணிக்குச் சோழர் என்று பெயர் மாற்றி, போசளர், சாளுக்கியர், பாண்டியர் ஆகியோரைத் தனி அணிகளாக்குவது. தமிழர் என்ற அணியை அது சேர்க்க வேண்டியதில்லை.