பால் வெட்டுக்கு முந்திய ஏழு வருஷம்: பேராக் தோட்டங்களில் நிலமும் கூலியாட்களும்

ரப்பர் வரலாறு என்றதும் நம் மாணவர்கள் எழுதும் முதல் வரி, “பால்மரம் வெட்டத் தமிழர்கள் கொண்டுவரப்பட்டார்கள்” என்பதுதான். தவறில்லை. ஆனால் பால் வெட்ட முதலில் மரம் வேண்டுமே! நட்ட கன்று வெட்டுக்கு வர 6, 7 வருஷம் ஆகும். அந்த வருஷங்களில் என்ன வேலை நடந்தது, செய்தவர்கள் எப்படி நடத்தப்பட்டார்கள் என்பதையும் சேர்த்தால்தான் விடை முழுமை பெறும்.

காடு தோட்டமான விதம்

1877-இல் சிங்கப்பூருக்கு வந்த 22 ரப்பர் கன்றுகளில் 9 கோலகங்சாரில் நடப்பட்டன. அப்போது பேராக் ரெசிடெண்டாக இருந்தவர் ஹியூ லோ. ஆனாலும், மோட்டார் வண்டிச் சக்கரங்களுக்கு ரப்பர் தேவைப்பட்ட பிறகே, 1900-க்கு மேல், பெருந்தோட்டங்கள் வேகமாகப் பரவின.

முதலில் புதர்களை வெட்டுவார்கள். அடுத்துப் பெருமரங்களைச் சாய்த்து, வெயிலில் சில வாரம் காயவிட்டுத் தீ வைப்பார்கள். எரியாத கட்டைகளைக் குவித்து மறுபடியும் எரிப்பார்கள். பிறகு கயிறு பிடித்து நிரை போட்டுக் குழி வெட்டுவார்கள். 20 அடிக்கு 20 அடி என்று நட்டால் ஓர் ஏக்கருக்கு 108 குழி. கணக்குப் போட்டுப் பாருங்கள், 100 ஏக்கருக்கு 10,800 குழி!

காட்டைச் சாய்க்கும் வேலை பெரும்பாலும் மலாய், ஜாவானிய, சீனக் குழுக்களுக்குக் குத்தகையாகப் போனது. வடிகால் வெட்டுவது, பாதை போடுவது, கன்று நடுவது, லாலாங் புல்லை அழிப்பது போன்ற வெளிக்காட்டு வேலைகளில் தமிழ் ஆண்களும் பெண்களும் பெருமளவில் இருந்தார்கள்.

நிலம் திருத்தியதும் நோயும்

கொசுவால் மலேரியா பரவுவதை ரொனால்ட் ராஸ் 1897-இல் கண்டறிந்தார். 1901 முதல் கிள்ளானில் பணியாற்றிய மருத்துவர் மால்கம் வாட்சன் அதைத் தோட்டங்களில் சோதித்தார். கடலோரச் சமவெளியில் காட்டை வெட்டி வடிகால் போட்டதும் காய்ச்சல் குறைந்தது. மலைப்பாங்கான இடத்தில் அதே வேலை காய்ச்சலைக் கூட்டியது! காரணம், இரண்டு இடத்துக் கொசுவும் வேறு. சமவெளிக் கொசு நிழல் நீரில் முட்டையிடும். மலைக் கொசுவுக்கு வெயில் படும் தெளிந்த ஓடை வேண்டும். மரத்தைச் சாய்த்ததும் அதற்கு அது கிடைத்துவிட்டது. மலைப்பகுதிக்குத் தீர்வாக அவர் சொன்னது, ஓடை நீரை மண்ணுக்கடியில் குழாய் வழியே ஓடவிடுவது. பிறகு எண்ணெய் தெளிக்கும் முறையும் வந்தது.

பேராக்கில் இரண்டு வகை நிலமும் உண்டு. பாகான் டத்தோ பக்கம் கடலோரச் சமவெளி, சுங்கை சிப்புட் பக்கம் மலையடிவாரம். ஆகவே எந்த ஓடையைத் திறக்கலாம், லயத்தை எங்கே கட்டலாம் என்று துரை எடுத்த முடிவு, லயத்தில் தூங்கியவர்களின் உயிரைப் பற்றிய முடிவும்கூட.

கடனும் தலைக்காசும்

ஒப்பந்தக் கூலி கப்பல் கட்டணக் கடனோடுதான் வந்து இறங்கினார். கடன் தீராமல் தோட்டத்தை விட்டுப் போக முடியாது. கங்காணி முறையில், எத்தனை பேர் வேலைக்கு வந்தார்களோ அதற்கேற்பக் கங்காணிக்குத் தலைக்காசு கிடைத்தது. ஒருவர் காய்ச்சலில் படுத்தால் கங்காணிக்கும் நட்டம். அப்படியிருக்க, பெரட்டுக் களத்தில் நோயாளிக்காகப் பேச அவருக்கு மனம் வருமா?

சட்டங்கள்

தேர்வுக்கு இந்த ஆண்டுகளை நினைவில் வையுங்கள்:

- 1907: தமிழர் குடிநுழைவு நிதிச் சட்டம். தமிழரை வேலைக்கு வைத்த முதலாளிகள் அனைவரும் நிதி கட்டினார்கள். கப்பல் செலவு அதிலிருந்து போனது. வருபவர் கடனின்றி வர வழி பிறந்தது.
- 1910: இந்திய ஒப்பந்தக் கூலி முறைக்குத் தடை.
- 1923: தொழிலாளர் சட்டம். பள்ளி வயதுப் பிள்ளைகள் 10 பேரோ அதற்கு மேலோ இருந்தால் தோட்டத்தில் பள்ளி வேண்டும். நம் தோட்டத் தமிழ்ப்பள்ளிகள் பல இந்த வழியில் வளர்ந்தவை.
- 1938: உடலுழைப்புத் தொழிலாளர் உதவிப் பயணமாக மலாயா வருவதை இந்திய அரசு நிறுத்தியது.

இவற்றைக் கருணை என்று மட்டும் எழுதினால் மதிப்பெண் குறையும். முதலாளிகளுக்கு நிலையான ஆள்பலம் தேவைப்பட்டது; இந்தியாவிலிருந்து எதிர்ப்பும் வந்தது. இரண்டையும் எழுதுங்கள். சட்டம் ஏட்டில் இருப்பதும் தோட்டத்தில் நடப்பதும் ஒன்றல்ல என்பதையும் சேருங்கள்.

இன்று

ரப்பர் நின்ற இடத்தில் இன்று செம்பனையும் வீடமைப்புப் பகுதிகளும். செம்பனைத் தோட்டங்களில் வேலை செய்பவர்களில் பலர் வெளிநாட்டவர். முகவருக்குக் கொடுத்த கடனோடு வருபவர்கள் அவர்களிலும் உண்டு. 1990-இல் வந்த சட்டம் 446 தொழிலாளர் குடியிருப்புக்குக் குறைந்தபட்சத் தரம் விதிக்கிறது. 2019-இல் அது திருத்தப்பட்டது. 1907-இல் நம் முன்னோருக்காக எழுந்த கேள்வி, கடனில்லாமல் வந்து நோயில்லாமல் வாழ முடியுமா என்பது. அதே கேள்வியை இன்று வேறொருவர் கேட்கிறார். வகுப்பில் இதையும் பேசுவோம்.

சிந்தனை வினாக்கள்

1. காடு அழிப்பு ஓரிடத்தில் மலேரியாவைக் குறைத்து, வேறிடத்தில் கூட்டியது ஏன்?
2. 1907-ஆம் ஆண்டுச் சட்டத்தால் தொழிலாளி, முதலாளி இருவரும் பெற்ற நன்மைகளை ஒப்பிடுக.