முழங்கை வலியில் பிறந்த பெட்டி

1961இல் எம்.ஐ.டி.யின் மின்பொறியியல் துறைக்கு டி.இ.சி. நிறுவனம் ஒரு பி.டி.பி-1 கணினியை இனாமாகக் கொடுத்தது. காசு கொடுத்து வாங்கினால் 1,20,000 டாலர். நினைவகம் இன்றைய கணக்கில் 9 கிலோபைட்தான். ஆனால் கூடவே ஒரு வட்டத் திரையும் வந்தது. அதன்முன் இரவெல்லாம் விழித்திருக்க ஆளுக்குப் பஞ்சமில்லை: மாதிரி ரயில் மன்றத்து மாணவர்கள், அவர்களோடு சுற்றிய இளம் ஊழியர்கள்.

இரண்டு விண்கலங்கள் சுட்டுக்கொள்ளும் ஆட்டம் ஒன்றை எழுதுவதாக அவர்களில் ஒருவரான ஸ்டீவ் ரஸ்ஸல் சொல்லிவிட்டு, நாளைக் கடத்திக்கொண்டிருந்தார். சைன், கொசைன் கணக்கிடும் நிரல் இல்லையே என்பது அவர் சொன்ன சாக்கு. மன்றத்து ஆலன் கோடாக் டி.இ.சி.க்கே போய் அதை வாங்கிவந்து கொடுத்தார். சாக்கு தீர்ந்தது. 1962 தொடக்கத்தில் ‘ஸ்பேஸ்வார்’ ஓடியது.

பிறகு ஆளாளுக்குக் கைவைத்தார்கள். பின்னணியில் தாறுமாறாகச் சிதறிக்கிடந்த புள்ளிகள் பீட்டர் சாம்சனுக்குப் பொறுக்கவில்லை. நிஜ வானத்து நட்சத்திரங்களைக் கொண்டுவந்து வைத்தார். டான் எட்வர்ட்ஸ் நடுவில் ஒரு சூரியனை வைத்து ஈர்ப்புவிசை சேர்த்தார். கலங்களை அது இழுக்கும், குண்டுகளை இழுக்காது. அதையும் கணக்கிட இயந்திரத்துக்கு வேகம் போதவில்லை.

இத்தனையும் நிரல் வேலை. என்னைக் கேட்டால், இந்த ஆட்டத்தின் பெரிய கண்டுபிடிப்பு மரவேலையில்தான் இருக்கிறது. முதலில் கணினியின் முகப்பில் இருந்த சோதனை சுவிட்சுகளைத் தட்டித்தான் ஆடினார்கள். முழங்கை வலித்தது. இருவரில் ஒருவர் திரைக்கு ஓரமாக ஒதுங்கி நிற்கவேண்டியிருந்ததால் ஆட்டம் சமமாகவும் இல்லை. கோடாக்கும் பாப் சாண்டர்ஸும் ரயில் மன்றத்தில் கிடந்த உதிரிபாகங்களைக் கொண்டு கைக்கு அடக்கமான இரண்டு பெட்டிகள் செய்தார்கள். ஒரு நெம்புகோல் கலத்தைத் திருப்பும். மற்றதைப் பின்னுக்கு இழுத்தால் உந்துவிசை. முன்னுக்குத் தள்ளினால் கலம் மறைந்து வேறெங்கோ முளைக்கும். சுடுவதற்கு ஒரு பொத்தான், அதுவும் ஓசையில்லாதது. நீங்கள் எப்போது சுடுகிறீர்கள் என்று எதிராளிக்குக் காட்டிக்கொடுத்துவிடக் கூடாதல்லவா!

நிரல் காகித நாடாவில் ஊர் ஊராகப் போனது. கேட்டவர்களுக்கெல்லாம் பிரதி கிடைத்தது. அவ்வளவு விலையுள்ள கணினியில் மட்டுமே ஓடும் ஒன்றை யாரிடம் விற்பது? ரஸ்ஸலுக்கு ஒரு காசும் வரவில்லை.

காசு 1971இல்தான் உள்ளே வந்தது, இரண்டு வழியாக. ஸ்டான்ஃபோர்டில் பில் பிட்ஸும் ஹியூ டக்கும் நிஜமான பி.டி.பி-11 கணினியையே வைத்து, ஆட்டத்துக்கு 10 சென்ட் வாங்கினார்கள். மாணவர்கள் மொய்த்தார்கள், ஆனால் போட்ட முதலை அந்தச் சில்லறை எப்படி மீட்கும்? இன்னொரு பக்கம், நோலன் புஷ்னெல்லும் டெட் டாப்னியும் கணினியையே தூக்கிவிட்டு, வெறும் மின்சுற்றுகளால் ‘கம்ப்யூட்டர் ஸ்பேஸ்’ செய்தார்கள். சூரியன் போயிற்று, ஈர்ப்பு போயிற்று. பெட்டியின் இடத்தில் நான்கு பொத்தான்கள். கல்லூரிப் பிள்ளைகளுக்குப் பிடித்தது. மதுக்கடைக்கு வந்தவர்களுக்கோ, திருப்பு, உந்து, சுடு என்பதெல்லாம் பிடிபடவில்லை.

அடுத்த ஆண்டு இருவரும் அட்டாரியைத் தொடங்கி ‘பாங்’ ஆட்டத்தை வெளியிட்டார்கள். அதில் சுடுவதே இல்லை. ஆளுக்கு ஒரு குமிழ். திருகினால் மட்டை ஏறும், இறங்கும். அது விற்றது.