மல்லாட்டை வந்த வழி

பட்டணத்துல இருந்து வர்ற நண்பர்கள் அடிக்கடி கேக்குற கேள்வி இது. "அண்ணே, அந்தக் காலத்துல சாயந்தரம் யாராவது வீட்டுக்கு வந்தா என்ன குடுப்பீங்க? பஜ்ஜியா, வடையா?"

ரெண்டும் இல்ல. எங்க விழுப்புரம், திண்டிவனம் பக்கத்துல சாயந்தரம் வந்தவங்களுக்கு முறத்துல கொட்டி வைக்கிறது மல்லாட்டை. நீங்க வேர்க்கடலைன்னு சொல்லுவீங்க, தெற்கே நிலக்கடலைன்னு சொல்லுவாங்க. பச்சையா இருந்தா அவிச்சது, காய்ஞ்சிருந்தா வறுத்தது. அதுகூட ஒரு துண்டு வெல்லம்.

ஆனா இதையும் "ஆதிகாலத்துப் பழக்கம்"னு நினைச்சுக்காதீங்க. எங்க பாட்டனுக்குப் பாட்டன் காலத்துல இந்த மண்ணுல மல்லாட்டை அரிது. அது வந்த கதையைத் தெரிஞ்சுக்கிட்டா, எங்க நிலத்துக்கு என்ன நடந்துச்சுங்கறதும் தெரிஞ்சுடும். நூலகத்துல படிச்சது, பெரியவங்க சொன்னது, நானே பாத்தது எல்லாம் சேர்த்து எழுதுறேன்.

மல்லாட்டைக்கு முன்னாடி

விருந்துங்கற சொல்லுக்குப் பழைய தமிழ்ல புதுமைன்னு அர்த்தம். புதுசா வர்றவங்க விருந்து. அப்புறம்தான் அவங்களுக்குப் போடுற சாப்பாட்டுக்கு அந்தப் பேரு வந்துச்சு. திருக்குறள்ல ஒன்பதாவது அதிகாரமே விருந்தோம்பல்தான். மதுரைக்காஞ்சியில அப்பம் சுட்டு விக்கிற வியாபாரிங்க வர்றாங்க. அவங்களுக்குக் கூவியர்னு பேரு. ஆனா அது பெரிய நகரத்துக் கடைத்தெரு. மானாவாரி ஊர்ல கதை வேற.

இங்க காட்டுல வரகு, கம்பு, கேழ்வரகு. ஊடுபயிரா துவரை, காராமணி. மெலிஞ்ச மண்ணுல கொள்ளு. கொள்ளும் பயறும் தென்னாட்டுல பல ஆயிரம் வருசமா விளையுதுன்னு அகழாய்வுல கிடைச்ச கருகின விதைங்களை வெச்சுச் சொல்றாங்க. அப்போ வந்தவங்களுக்குக் கிடைச்சதும் இதுதான்: அவிச்ச காராமணி, வறுத்த கொள்ளு, இடிச்ச மாவுல வெல்லம் போட்டுப் பிடிச்ச உருண்டை, தை மாசத்துல பனங்கிழங்கு.

கவனிச்சுப் பாருங்க, எல்லாமே அவிச்சது, வறுத்தது, இடிச்சது. எண்ணெய்ல பொரிச்சது ஒண்ணும் இல்ல. எண்ணெய்னா எள்ளு ஆட்டின நல்லெண்ணெய். எள்ளு லேசா விளையுற பயிரும் இல்ல, நிறைய விளையுற பயிரும் இல்ல. சட்டி நிறைய எண்ணெய் ஊத்திப் பலகாரம் சுடுறது கல்யாணத்துக்கும் பண்டிகைக்கும்தான்.

இன்னொரு காரணமும் உண்டு. உழைக்கிற வீட்டுல காலையில கூழு, மத்தியானம் கூழு. உலை வெச்சுச் சூடா ஆக்கிச் சாப்பிடுறது ராத்திரி ஒரு வேளைதான். சாயந்தரம் வந்தவங்களுக்கு வயித்தை அடைக்கிற மாதிரி எதையாவது குடுத்துட்டா, அப்புறம் ராத்திரிச் சோத்துக்கு உக்கார வைக்க முடியாது. அதனால பேசிக்கிட்டே கொறிக்கிற மாதிரிதான் வைப்பாங்க. இன்னைக்கு டாக்டருங்க "லைட்டா சாப்பிடுங்க"ன்னு சொல்றாங்களே, அதைத்தான் எங்க பாட்டிங்க வேற கணக்குல செஞ்சாங்க.

கப்பல்ல வந்த கொட்டை

மல்லாட்டைக்குத் தாய்நாடு தென் அமெரிக்கா. அங்கிருந்து ஸ்பெயின்காரங்க, போர்த்துக்கீசியருங்க கப்பல்ல ஆப்பிரிக்காவுக்கும் ஆசியாவுக்கும் வந்துச்சு. பிலிப்பைன்ஸ்ல மணிலான்னு ஒரு துறைமுகம். அந்தப் பேர்தான் இங்க மணிலாக்கொட்டைன்னு ஆச்சு. சொல்லிச் சொல்லித் தேய்ஞ்சு மல்லாட்டை ஆயிடுச்சு. எங்க ஊர்ல பெரியவங்க இன்னும் "மணிலா போட்டிருக்கேன்"னுதான் சொல்லுவாங்க. மணிலா ஒரு ஊருன்னு அதுல பல பேருக்குத் தெரியாது.

இது மட்டும் இல்ல. சுண்டல்ல தாளிக்கிற மிளகாய், பொங்கலுக்கு அவிக்கிற சர்க்கரைவள்ளி, கள்ளக்குறிச்சி பக்கத்து மரவள்ளி, பண்ருட்டி முந்திரி எல்லாமே அதே அமெரிக்கக் கண்டத்துல இருந்து வந்ததுங்கதான். "பாரம்பரியத் தின்பண்டம்"னு பாக்கெட்ல போட்டு விக்கிறதைப் பாக்கும்போது எனக்குச் சிரிப்பு வரும்.

வந்த கொட்டை ரொம்ப நாள் சும்மா கொல்லையில கிடந்துச்சு. அதைக் காடு முழுக்கப் பரப்பினது பிரான்சு நாட்டுச் சோப்பு. 19-ஆம் நூற்றாண்டுல மார்சேய் துறைமுகத்துல எண்ணெய் ஆலைங்களும் சோப்பு ஆலைங்களும் பெருகுச்சு. அதுக்கு எண்ணெய் வித்து வேணும். புதுச்சேரி பிரெஞ்சுக்காரங்க கையில இருந்துச்சு, பக்கத்துலயே தென்னார்க்காடு மாவட்டத்துச் செம்மண் காடு. மாட்டு வண்டியில மல்லாட்டை புதுச்சேரிக்குப் போச்சு. 1879-ல விழுப்புரம்–புதுச்சேரி ரயில் பாதை வந்ததும் ரயில்லயும் போச்சு.

கைக்குக் காசு வந்ததும் வரகுக்காடு மல்லாட்டைக்காடா மாறுச்சு. அதுல ஒரு ஆபத்தும் இருந்துச்சு. வரகு விலை விழுந்தா எடுத்துத் தின்னலாம். மல்லாட்டை விலை விழுந்தா அதைத் தின்னே வருசத்தை ஓட்ட முடியாது. 1890-கள்ல பழைய விதை தளர்ந்துபோய் விளைச்சல் விழுந்துச்சு. ஆப்பிரிக்கப் பக்கத்து விதையைக் கொண்டுவந்து போட்ட பிறகுதான் மறுபடியும் எழுந்துச்சு. 1914-ல உலகப் போர் வந்து கப்பல் போக்குவரத்து நின்னதும் விலை சரிஞ்சுச்சு. 1930-கள்ல உலகம் முழுக்க வந்த பொருளாதார மந்தத்துல இன்னொரு அடி. எங்கேயோ நடக்குற சண்டைக்கு எங்க களத்துல மூட்டை தேங்கும்.

இந்தப் பயிருக்காகத்தான் திண்டிவனத்துல எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையம் வந்துச்சு. டி.எம்.வி. 2-ன்னு ஒரு ரகம் கேள்விப்பட்டிருப்பீங்க, 1940-ல வந்தது. அந்த டி.எம்.வி. எங்க திண்டிவனம்தான். நாடு முழுக்கப் போன ரகம் அது. 1937-ல டால்டா வந்த பிறகு உள்நாட்டுலயும் கடலை எண்ணெய்க்குக் கிராக்கி கூடுச்சு.

விக்காம நின்னது வீட்டுக்கு

ஏற்றுமதிப் பயிர் எப்படி விருந்தாளி முறத்துக்கு வந்துச்சு? மூட்டைக்குப் போகாததுதான் வீட்டுக்கு வந்துச்சு. செடி பிடுங்குறப்ப முத்தாத பிஞ்சு இருக்கும், சுருங்கின கொட்டை இருக்கும். வியாபாரி அதைக் கழிச்சுடுவான். அதை உப்புப் போட்டு அவிச்சா அவ்வளவு ருசி. செடி பிடுங்குற காட்டுலயே காய்ஞ்ச ஓலையைப் போட்டுக் கொளுத்தி, செடியோட சுட்டும் தின்போம். மாட்டுக்குக் கொடி, வீட்டுக்குப் பிஞ்சு, கடனுக்கு மூட்டை. கணக்கு அவ்வளவுதான்.

காசு செலவில்ல, அடுப்புக்கிட்ட நின்னு வேக வேண்டியதில்ல, தட்டு வேணாம், எத்தனை பேரு வந்தாலும் நடுவுல கொட்டிட்டாப் போதும். உடைச்சு உடைச்சுத் தின்னணும்ங்கறதால பேச்சும் நிதானமா போகும். எங்க ஊர்ல பாகத் தகராறு, கல்யாணப் பேச்சு, கிணறு வெட்டுற யோசனை எல்லாமே மல்லாட்டைத் தொலி குவியலைச் சுத்தித்தான் நடந்திருக்கு.

இந்த இடத்துல ஒண்ணு சொல்லியாகணும். கிராமத்து விருந்தோம்பல் பத்தி எழுதுறவங்க இதை விட்டுடுறாங்க. அந்தத் திண்ணையில எல்லாரும் உக்காரல. நான் சின்னப் பையனா இருந்தப்ப பாத்தது: எங்க அப்பாவுக்குத் தெரிஞ்சவங்க, சொந்தக்காரங்க வந்தா திண்ணையில முறம். அந்த மல்லாட்டையை விதைச்சு, களை எடுத்து, பிடுங்கி, ஆய்ஞ்சு குடுத்த சேரிச் சனங்க வந்தா வாசல்ல நிப்பாங்க. முந்தானையிலயோ துண்டுலயோ உயரத்துல இருந்து கொட்டுவாங்க. ஆக்கின சோத்துக்கும் தண்ணிக்கும் இருந்த தீட்டுக் கணக்கு தொலியோட இருக்குற கொட்டைக்கு அவ்வளவா இல்ல. அதனாலதான் அதுவாவது கை மாறுச்சு. தொட்டுக் குடுக்கல, கொட்டிக் குடுத்தாங்க. மிச்சப்படி, பிடுங்கின காட்டுல மண்ணைக் கிளறி, விட்டுப்போனதைப் பொறுக்கிக்கலாம். அவங்க வீட்டுக்குச் சாயந்தரம் விருந்தாளி வந்தா வெச்சது அப்படிப் பொறுக்கினதைத்தான்.

டீ வந்ததும் எல்லாம் மாறிடுச்சுன்னு சொல்லுவாங்க. பாதி நிஜம். 1930-கள்லயே தேயிலை வாரியம் ஊர் ஊராப் போய் இலவசமா டீ போட்டுக் குடுத்து ருசி காட்டுச்சு. காப்பி வசதியானவங்க வீட்டுக்குள்ள போச்சு, டீ தெருவுக்கு வந்துச்சு. காசு குடுத்தா யாரு வேணா குடிக்கலாம்ங்கற ஒரு இடம் ஊர்ல முதல் தடவையா வந்துச்சு. ஆனா அங்கயும் ரெட்டைக் குவளை வெச்சாங்க. அதை உடைக்கப் பல வருசம் போராட வேண்டியிருந்துச்சு.

டீ இன்னொண்ணும் செஞ்சுச்சு. சாயந்தரம் நாலு மணி, அஞ்சு மணிக்கு ஒரு வேளையை உண்டாக்கிடுச்சு. டீக்குத் தொட்டுக்க, கடிச்சுக்க ஏதாவது வேணும். கடலை எண்ணெய் வீட்டு எண்ணெய் ஆனதால வடைச்சட்டி தினமும் காய ஆரம்பிச்சுச்சு. நீங்க கேட்ட பஜ்ஜியும் வடையும் எங்க ஊருக்குத் தினசரிப் பண்டமா வந்தது இப்படித்தான்.

இப்போ

இப்போ எங்க ஊர்ல யாரு வீட்டுக்குப் போனாலும் பிஸ்கட், மிக்சர். தப்புன்னு சொல்லல, சட்டுனு எடுத்து வைக்கலாம். ஆனா கணக்குப் பாருங்க. ஒரு காலத்துல நாம எண்ணெய் வித்தைக் கப்பல்ல ஏத்தி அனுப்பினோம். இன்னைக்கு நாட்டுக்கு வேண்டிய சமையல் எண்ணெய்ல பாதிக்கு மேல வெளியில இருந்து வருது. அதுல பெரும்பங்கு இந்தோனேசியா, மலேசியா பாமாயில். மல்லாட்டை விளையுற ஊர்லயே பாமாயில்ல பொரிச்ச மிக்சரை வாங்கி, அதுல இருக்குற நாலு மல்லாட்டையைத் தேடிப் பொறுக்கித் தின்றோம்.

மல்லாட்டை போடுறவங்களும் குறைஞ்சுட்டாங்க. விதைக்க, களை எடுக்க, பிடுங்க, ஆய எல்லாத்துக்கும் ஆள் வேணும். கூலி கட்டுப்படியாகல. காய் பிடிச்சதும் காட்டுப்பன்னி வந்து ஒரே ராத்திரியில உழுதுட்டுப் போயிடுது. எங்களைச் சுத்தி நாலஞ்சு பேரு சவுக்கு வெச்சுட்டாங்க. நான் இன்னும் ஒரு ஏக்கர் மார்கழிப் பட்டத்துல போடுறேன், பங்குனி கடைசியில பிடுங்குவோம். லாபம்னு பெருசா சொல்ல முடியாது. அதை விட்டுட்டா என் பேரப்பிள்ளைங்களுக்குப் பச்சை மல்லாட்டை கடையில வாங்குற பொருளா ஆயிடும், அந்த ஒரு யோசனைதான்.

உங்க வீட்டுக்குச் சாயந்தரம் நண்பர்கள் வந்தா செய்றதுக்கு எளிசா ரெண்டு சொல்றேன்.

பச்சை மல்லாட்டை கிடைச்சா மண்ணு போக மூணு தடவை அலசுங்க. தண்ணி மூழ்குற அளவு ஊத்தி, உப்பைக் கொஞ்சம் தூக்கலாவே போடுங்க. தொலி தடுக்குறதால உள்ள கம்மியாத்தான் இறங்கும். குக்கர்ல நாலு விசில் போதும். இறக்கினதும் வடிச்சுடாதீங்க, அந்த உப்புத் தண்ணியிலயே அரைமணி நேரம் ஊறட்டும். ருசி அப்பத்தான் இறங்கும்.

பச்சை கிடைக்காத மாசத்துல காராமணியை ஊறவெச்சு அவிச்சு, தேங்காய்ப்பூ, வெல்லம் போட்டுக் கிளறுங்க. இல்லைன்னா அவலைத் தண்ணி தெளிச்சுப் பிசிறி அதே மாதிரி. தை மாசம்னா பனங்கிழங்கு. அடுப்புல சட்டி நிறைய எண்ணெய் தேவையில்ல.

அவிச்சதைத் தனித்தனித் தட்டுல பங்கு போடாதீங்க. நடுவுல ஒரே முறத்துல கொட்டுங்க. கார் ஓட்டிக்கிட்டு வந்த தம்பி வெளியில நின்னார்னா அவரையும் கூப்பிட்டு உக்கார வைங்க. எங்க காட்டுல இப்போ மல்லாட்டை ஆய வர்றவங்களும் நாங்களும் வேப்பமரத்தடியில ஒரே குவியலைச் சுத்தித்தான் உக்காருறோம். இதுக்கே எங்க ஊருக்கு நூறு வருசத்துக்கு மேல ஆச்சு.

பங்குனியில பிடுங்கும்போது இங்கயே எழுதுறேன். வர்றவங்க வாங்க. ஆயறதுக்கும் கை வேணும்.