தொலைக்காட்சிப் பட அமைப்புகள்

தொலைக்காட்சிப் பட அமைப்புகள் என்பன திரைப்படத்தின் ஒளியையும் நிறத்தையும் பார்வையாளர் மாற்றியமைக்க உதவும் கட்டுப்பாடுகள் ஆகும். ஆகஸ்ட் 15, 1975 அன்று சென்னைத் தொலைக்காட்சி நிலையம் தொடங்கிய காலத்துக் கறுப்பு வெள்ளைப் பெட்டிகளில் பிரைட்னஸ் எனப்படும் ஒளிர்வு, கான்ட்ராஸ்ட் எனப்படும் மாறுபாடு ஆகிய இரண்டுமே முதன்மையானவை. 2006 இல் தமிழக அரசு வழங்கத் தொடங்கிய இலவசப் பெட்டிகள் போன்ற வண்ணப் பெட்டிகளில் நிறச்செறிவும் உண்டு.

பொதுவாக ஒளிர்வு கறுப்பின் அளவையும், மாறுபாடு வெள்ளையின் அளவையும் தீர்மானிக்கின்றன. ஒளிர்வு மிகுந்தால் கறுப்பு சாம்பலாக வெளிறும். குறைந்தால் இரவுக் காட்சிகளின் நுணுக்கங்கள் மறையும். மாறுபாடு மிகுந்தால் வெள்ளை வேட்டியின் மடிப்புகள் தெரியாமற் போகும். கூர்மையை மிகுத்தால் எழுத்துகளைச் சுற்றிப் பொய்க்கோடு தோன்றும்.

கடையின் மிகுந்த வெளிச்சத்தில் கவரும் 'விவிட்' முறையை விட, 'சினிமா' முறையே பெரும்பாலும் மூலப்படத்துக்கு நெருக்கமானது.