பனிவெளியில் அணுத்துகள் தேடியோர்

அணுகுண்டு ஒன்றை ஒளித்து வைத்திருப்பதாகவும் இரண்டு லட்சம் டாலர் கொடாவிட்டால் அதனை வெடிக்கச் செய்வதாகவும் மிரட்டும் கடிதமொன்று 1974-ஆம் வருஷம் பாஸ்டன் நகரில் கிடைத்தபோது, குண்டு செய்வதில் உலகத்துக்கே முன்னோடியாய் நின்ற அமெரிக்க தேசம், ஒளித்து வைத்த குண்டைத் தேடிக் கண்டுபிடிக்கும் வித்தையில் எத்துணைப் பின்தங்கியிருந்தது என்பது வெளிப்படலாயிற்று. கடிதம் பொய்யே, ஆயினும் அதன் விளைவாக, ஆயுதச் சோதனைச்சாலைகளின் விஞ்ஞானிகளைத் திரட்டி 'நெஸ்ட்' என்னும் அவசரத் தேடற்குழு அமைக்கப்பட்டது.

நகரத்துச் சந்துகளை எண்ணி உருவான இக்குழுவுக்கு முதற் பெருஞ்சோதனை வந்ததோ, மனித சஞ்சாரமே அரிதான கனடாவின் வடமேற்குப் பிரதேசத்தில்! கடலிற் செல்லும் கப்பல்களை வேவு பார்க்கச் சோவியத் நாடு 1977 செப்டம்பரில் ஏவிய காஸ்மாஸ் 954 என்னும் செயற்கைக்கோள், தன் வயிற்றில் யுரேனிய அணு உலையைச் சுமந்தபடியே கட்டுப்பாடிழந்து, 1978 ஜனவரி 24-ஆம் தேதி ஆகாயத்தில் எரிந்து சிதறி, கிரேட் ஸ்லேவ் ஏரியிலிருந்து பேக்கர் ஏரி வரையில் ஏறத்தாழ 600 கிலோமீட்டர் நீளத்துக்குத் தன் சிதைவுகளை இறைத்துவிட்டது.

கனடிய ராணுவத்தாரும் நெஸ்ட் குழுவினரும் 'மார்னிங் லைட்' என்னும் பெயரில் தொடங்கிய அத்தேடலில் என் நெஞ்சைக் கவர்வது, குண்டு நிபுணர்களின் திறமையைக் காட்டிலும், கனடாவின் நிலவியல் ஆய்வுத் துறையார் கொணர்ந்த கருவியேயாகும். அந்நிலத்துக் கருங்கற் பாறைகளிலேயே யுரேனியமும் தோரியமும் இயல்பாய் உறைந்திருப்பதால், கதிர்வீச்சின் மொத்த அளவை மட்டும் காட்டும் கருவி பாறைக்குப் பாறை பொய்யாக எச்சரிக்கும். ஆனால் யுரேனியத் தாது இருக்குமிடத்தை விமானத்திலிருந்தே அறிவதற்காக நிலவியலார் உருவாக்கியிருந்த நிறமாலைமானியோ, காமாக் கதிர்களை அவற்றின் சக்திக்கேற்பத் தனித்தனியே பகுத்து, இது மண்ணின் சொந்தச் சொத்து, இது வானிலிருந்து வந்த வேற்றுப்பொருள் என்று பிரித்துக் காட்ட வல்லதாயிருந்தது. நெடுங்காலம் பொறுமையுடன் பாறைகளைப் பயின்றவர்களின் அறிவு, எவரும் எதிர்பாராத வேளையில் தேசத்துக்குக் கைகொடுத்ததென்பது எத்துணைப் பெருமைக்குரிய விஷயம்! ஹெர்குலிஸ் விமானங்களில் அக்கருவியைப் பொருத்தி, உறையும் குளிரில் வரிவரியாகப் பறந்து, 1,24,000 சதுர கிலோமீட்டர் பரப்பைத் துழாவினார்கள்.

வியப்பு என்னவெனில், பெருந்துண்டுகளில் ஒன்று கருவி எதுவுமின்றியே அகப்பட்டது; தெலோன் ஆற்றங்கரையில் குளிர்காலத்தைக் கழித்துக்கொண்டிருந்த சில பிரயாணிகளுள் இருவர், பனியில் துருத்தி நின்ற உலோகத்தை வழியிற் கண்டார்கள். கிடைத்த பெருந்துண்டுகள் 12 மாத்திரமே. அவற்றுள் ஒன்று, மணிக்கு 500 ராண்ட்ஜன் அளவுக்குக் கதிர் வீசி, அதனை ஒட்டிச் சில மணி நேரம் இருப்பவரது உயிரையே பறிக்கத்தக்கதாயிருந்தது. விண்கலங்களால் நேரும் சேதம் பற்றிய 1972-ஆம் வருஷத்துச் சர்வதேச உடன்படிக்கையைச் சுட்டிக் கனடா நஷ்டஈடாக ஏறத்தாழ 60 லட்சம் டாலர் கேட்க, சோவியத் அரசு 1981-இல் 30 லட்சம் கொடுத்துத் தீர்த்தது.

பெருந்துண்டுகளை விடத் தொல்லை தந்தவை, காற்றில் தென்புறம் மிதந்து சென்று ஏரிப் பனியிலும் குடியிருப்புகளின் அருகிலும் படிந்த நுண்துகள்களே. மான் வேட்டையும் மீன்பிடியுமே ஜீவனமாகக் கொண்ட அவ்வூர்ப் பழங்குடிகளுக்கு இது உணவைப் பற்றிய அச்சமாயிற்று. ஆகவே தேடுவோர் விமானத்தை விட்டிறங்கிக் கைக்கருவியுடன் ஊர்களைச் சுற்றி நடந்து துகள்களைப் பொறுக்கினார்கள். பனி உருகிய பின்னரும் மீண்டும் வந்து, அவ்வருஷம் அக்டோபர் வரையில் அப்பணியைத் தொடர்ந்தார்கள்.