கோடு முந்தியது

இம்மலருக்குப் படைப்புகள் தேர்ந்தபோது, நிலக்கோட்டை வட்டத்து அன்பர் சிலர் தம் தொடக்கக் காலக் கவிதைகளைக் கிழித்தெறிய முனைந்தனர். அவர்கட்கு ஒரு வரலாறு சொல்ல விழைகிறேன்.

1950 ஏப்ரலில், இரமண மகரிஷியின் இறுதி நாள்களில், திருவண்ணாமலையில் ஒளிப்படக் கருவியுடன் இருந்தார் ஹென்றி கார்ட்டியே-பிரெஸ்ஸோன் (1908–2004). ஒளிப்படத்தால் உலகறிந்த இந்தப் பிரெஞ்சுக் கலைஞர் முதலில் பயின்றது ஓவியமே. 1927இல் பாரிசில் ஆந்த்ரே லோத்தின் ஓவியக்கூடத்தில் சேர்ந்தார். கியூபிச வழிவந்த லோத், உருவத்தை வடிவியல் கட்டமைப்பாகக் காணவும் தளத்தைப் பகுத்து அமைக்கவும் பயிற்றினார்.

அக்கால ஆக்கங்களுள் பெரும்பாலானவற்றை மாணவர் பின்னர்த் தாமே அழித்துவிட்டார். ஆயினும் கோடு அழியவில்லை. 1932இல் இயேர் நகரில் அவர் எடுத்த படத்தைக் காண்க: சுழன்றிறங்கும் படிக்கட்டு, வளைந்தோடும் வீதி, அவ்வளைவில் விரையும் மிதிவண்டிக்காரன். வரைந்து பழகிய கண்ணே அந்தக் கணத்துக்குக் காத்திருந்தது. 1970களில் அவர் ஒளிப்படத் தொழிலை ஒதுக்கிக் கோட்டோவியத்துக்கே மீண்டார். ஆனால் அந்தக் கோடு முதலில் எவ்வாறு முதிர்ந்தது என்பதற்கு எஞ்சிய சில ஆக்கங்களே இன்று சான்று.

முனைவர் பட்டம் பெற்ற ஆண்டில் நானும் என் முதற்கவிதை ஏட்டை அடுப்பிலிட்டேன். பிழை மலிந்த வரிகள்தாம். எனினும் இன்றைய என் சொல் எங்கே முளைத்தது என்று காட்ட என்னிடம் ஏதுமில்லை. அன்பர்களே, அச்சேற்ற வேண்டா, கிழிக்கவும் வேண்டா. உங்கள் முதல் ஏடுகளைப் பேணி வையுங்கள்.