ஒரு பெட்டிக்குள் ஒரு பட்டறை – கூட்டு இழைப்புளியின் கதை

மதுரையிலிருந்து காரைக்குடிப் பக்கம் போகிறவர்கள் செட்டிநாட்டு வீடுகளைப் பார்க்காமல் திரும்புவதில்லை. பர்மாத் தேக்கில் செய்த நிலையும் கதவும் தூணும் எல்லோரையும் நிற்க வைக்கும். பெரும்பாலானவர்கள் படம் எடுப்பது நிலைக்கு மேலே இருக்கும் சிற்ப வேலையைத்தான். கொஞ்சம் அருகில் போய்க் கதவுச் சட்டத்தைப் பாருங்கள். பலகையைச் செருக எடுத்த காடி, ஓரத்தில் ஓடும் வளைவு, இரண்டு வளைவுகளுக்கு நடுவே நூல் பிடித்தாற்போல ஒரு கோடு! இப்படி மேலிருந்து கீழ்வரை ஒரே சீராக ஓடும் வேலை இழைப்புளியின் வேலை.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. சாதாரண இழைப்புளி மரத்தைச் சமமாக்க மட்டுமே உதவும். காடி எடுக்க வேண்டுமானால் அந்த அகலத்துக்கு ஒரு இழைப்புளி வேண்டும். கால் அங்குலக் காடிக்கு ஒன்று, அரை அங்குலத்துக்கு இன்னொன்று. உள்வளைவுக்கு ஒன்று, வெளிவளைவுக்கு ஒன்று. எத்தனை வடிவமோ அத்தனை கருவி!

பழைய வழி

இழைப்புளி மிகப் பழைய கருவி. கி.பி. 79-ல் எரிமலைச் சாம்பலில் புதைந்த ரோமானிய நகரமான பாம்பேயியிலேயே இழைப்புளிகள் கிடைத்திருக்கின்றன. கட்டைக்கு நடுவே ஒரு துளை, அதில் சாய்வாக ஒரு இரும்புத் தகடு, தகட்டை இறுக்க ஒரு ஆப்பு. இரண்டாயிரம் ஆண்டுகளாக அடிப்படை இதுதான்.

நம் ஊர்த் தச்சர் இந்தக் கட்டையைத் தானே செய்துகொள்வார். தகட்டைக் கொல்லர் அடித்துக் கொடுப்பார். அதாவது ஒரு இழைப்புளி என்பது பக்கத்துப் பக்கத்துப் பட்டறைக்காரர்கள் இருவரின் கூட்டு உற்பத்தி. புதிய வடிவம் வேண்டுமா? தகட்டை அந்த வடிவத்துக்குத் தேய்த்து, கட்டையின் அடியையும் அதே வடிவத்துக்கு இழைத்துக்கொண்டால் போதும். கையை விட்டுப் போகும் பணம் குறைவு, போகும் நேரம் அதிகம்.

இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் இதே நிலைதான். அங்கே மர இழைப்புளிகளைச் செய்து விற்கவே தனிக் கடைகள் இருந்தன. நல்ல தச்சர் ஒருவரின் பெட்டியில் டஜன் கணக்கில் இழைப்புளிகள் கிடக்கும். இந்தப் பெட்டியை ஒரே கருவியாகச் சுருக்க முடியாதா என்ற கேள்வி பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுந்தது.

நியூ பிரிட்டனில் பிறந்த பதில்

அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் நியூ பிரிட்டன் என்று ஒரு ஊர். ஸ்டான்லி நிறுவனம் அங்கேதான் இருந்தது. அதற்காகப் பல கருவிகளை வடிவமைத்தவர் ஜஸ்டஸ் டிராட். அவர் வடிவமைத்த 45-ஆம் எண் கூட்டு இழைப்புளி 1880-களில் சந்தைக்கு வந்தது. ஒரே இரும்பு உடல், மாற்றிப் பூட்டக்கூடிய பல தகடுகள். 1897-ல் வந்த 55-ஆம் எண் இன்னும் ஒரு படி மேலே போனது. அதற்கு 50-க்கும் மேற்பட்ட தகடுகள்! இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் 1930-களில் ரெக்கார்டு 405 என்ற கூட்டு இழைப்புளி செய்யப்பட்டது.

எப்படிப் பூட்டுவது?

இந்தக் கருவிக்கு அகலமான அடிப்பாகம் கிடையாது. அதற்குப் பதிலாகக் கத்திபோல மெல்லிய இரண்டு இரும்புச் சட்டங்கள் இருக்கும். ஒன்று உடலோடு சேர்ந்தது. மற்றது இரண்டு கம்பிகளின் மேல் முன்னும் பின்னும் நகரும்.

முதலில் தேவையான தகட்டை உடலில் பூட்ட வேண்டும். பிறகு நகரும் சட்டத்தைத் தகட்டின் மறு ஓரத்துக்குக் கொண்டுவர வேண்டும். தகடு இரண்டு சட்டங்களையும் விட மயிரிழை அளவு வெளியே நீட்டியிருப்பது முக்கியம். இல்லாவிட்டால் சட்டம் காடிக்குள் சிக்கிக்கொள்ளும்.

அடுத்தது பக்கத் தடுப்பு. விளிம்பிலிருந்து எவ்வளவு தள்ளிக் காடி வர வேண்டும் என்பதை இதுதான் முடிவு செய்யும். இது சட்டங்களுக்கு இணையாக இல்லாவிட்டால் காடி கோணலாகும். கடைசியாக ஆழத் தடுப்பு. வேண்டிய ஆழம் வந்ததும் இது மரத்தில் இடித்துக்கொள்ளும், தகடு தானாகவே வெட்டுவதை நிறுத்தும்.

ஓட்டும்போது இடது கை தடுப்பை மரத்தோடு அழுத்த வேண்டும், வலது கை தள்ள வேண்டும். பலகையின் முன்கோடியில் சிறு சிறு தள்ளல்களாகத் தொடங்கி, ஒவ்வொரு முறையும் கொஞ்சம் பின்னால் வந்து தொடங்க வேண்டும். முன்னால் விழுந்த பள்ளமே பின்னால் வரும் தகட்டுக்கு வழிகாட்டும். நாருக்குக் குறுக்கே வெட்டுவதானால், சிறிய கீறுமுனைகளை இறக்கி முதலில் நாரை அறுத்துக்கொள்ள வேண்டும்.

எங்கே இடறியது?

கேட்க அற்புதமாக இருக்கிறதல்லவா? ஆனால் விலை வேறு இடத்தில் ஒளிந்திருக்கிறது.

மர இழைப்புளியின் அடிப்பாகம் தகட்டுக்கு முன்னால் மரத்தை அழுத்திப் பிடித்துக்கொள்ளும். அதனால் நார் பிய்ந்து எழாது. கூட்டு இழைப்புளியில் அழுத்த இரண்டு மெல்லிய சட்டங்களே உள்ளன. அவற்றுக்கு நடுவே வெற்றிடம். நேரான நார் உள்ள பைன் மரத்தில் இது பெரிய குறையில்லை. மதுரைச் சுற்றுவட்டாரத்தில் கிடைக்கும் வேம்பும் வாகையும் அப்படிப்பட்டவை அல்ல. அவற்றின் நார் ஒன்றோடொன்று எதிரெதிராகப் பின்னிக் கிடக்கும். அதில் இந்தத் தகடு ஓடினால் சுருளாக வர வேண்டிய சீவல் சிம்பாகப் பெயர்ந்து வரும்.

இன்னொரு காரணம் உட்காரும் முறை. நம் ஊர்த் தச்சர்கள் பலர் தரையில் அமர்ந்து, காலால் மரத்தைப் பிடித்துக்கொண்டு வேலை செய்து பழகியவர்கள். கூட்டு இழைப்புளியின் பக்கத் தடுப்போ மரத்தின் மேல்பரப்புக்குக் கீழே தொங்கும். மெல்லிய பலகையைத் தரையில் போட்டு ஓட்டினால் தடுப்பு தரையில் இடிக்கும். எனவே உயரமான மேசையும் மரத்தைக் கவ்விப் பிடிக்க வைஸும் வேண்டும். ஒரு கருவியை வாங்கினால் போதும் என்றது விளம்பரம். அதோடு ஒரு பட்டறை அமைப்பையே சேர்த்து வாங்க வேண்டும் என்பதுதான் உண்மை!

மூன்றாவது, பழுது. ஒரு சிறு திருகாணி தொலைந்தால் ஐம்பது தகடுகளும் சும்மா கிடக்கும். மரக்கட்டை உடைந்தால் மறுநாளே இன்னொன்று செய்துகொள்ளலாம்.

கல்லுப்பட்டியில் வாழ்ந்த கணக்காளர்

கருவியை விலைச்சீட்டை வைத்து மட்டும் மதிப்பிடக் கூடாது என்று சொன்ன ஒருவர் மதுரை மாவட்டத்திலேயே வாழ்ந்திருக்கிறார். அவர் ஜே.சி. குமரப்பா. லண்டனில் கணக்காளர் பயிற்சி முடித்து, அமெரிக்காவின் சிராக்யூஸ், கொலம்பியா பல்கலைக்கழகங்களில் படித்தவர். 1934-ல் காந்தி தொடங்கிய அகில இந்திய கிராமத் தொழில் சங்கத்தை நடத்தியவர். கடைசி ஆண்டுகளை டி. கல்லுப்பட்டி காந்தி நிகேதனில் கழித்து 1960-ல் மறைந்தார். கருவி உழைப்பவரின் கைக்கு எட்ட வேண்டும், அதனால் வரும் வருமானம் ஊருக்குள் சுற்ற வேண்டும் என்பது அவர் எழுத்துகளின் சாரம். அந்தக் கணக்கில் பார்த்தால் தச்சரும் கொல்லரும் சேர்ந்து செய்த மரக்கட்டை அப்படியொன்றும் பின்தங்கிய கருவி அல்ல.

முடிவு எப்படி வந்தது?

கூட்டு இழைப்புளியைத் தோற்கடித்தது மர இழைப்புளி அல்ல, மின்சாரம். கையில் பிடித்து ஓட்டும் ரூட்டர் இயந்திரம் வந்தது. 1929-ல் கார்ட்டர் என்ற ரூட்டர் நிறுவனத்தை ஸ்டான்லியே வாங்கிவிட்டது. தன் பொருளுக்குப் போட்டியைத் தானே வளர்த்தது என்று சொல்லலாம். 1962 வாக்கில் 45, 55 இரண்டின் உற்பத்தியும் நின்றது.

இன்று மதுரைத் தச்சர்களிடமும் ரூட்டர் இருக்கிறது. வேகத்தில் அதற்கு ஈடில்லை. ஆனால் பழைய செட்டிநாட்டுக் கதவு ஒன்றில் ஒரு சட்டம் உளுத்துப்போனால் என்ன ஆகும்? கடையில் கிடைக்கும் ரூட்டர் பிட்டின் வளைவு அந்தக் கதவின் வளைவோடு பொருந்த வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அப்போது ஒரு இரும்புத் தகட்டை எடுத்து, பழைய வளைவைப் பார்த்து அதே வடிவத்துக்குத் தேய்க்கத் தெரிந்த ஆள் வேண்டும். அந்தத் தகட்டை மரக்கட்டையில் பூட்டினாலும் சரி, நியூ பிரிட்டன் இரும்பில் பூட்டினாலும் சரி, கதவு பிழைத்துக்கொள்ளும். தேய்க்கத் தெரிந்த ஆள் இல்லாவிட்டால் எந்தக் கருவி இருந்தும் பயனில்லை.